எட்டுப் பொத்தான் பெட்டி

றமீஸாவுக்கு முப்பத்தொன்பது வயது. கம்பளை ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள சிறிய பட்டறை ஒன்றில், கரண்ட் போனால் எரியும் விளக்குகளுக்கு ஈயம் பற்றவைப்பது அவள் வேலை. காலை எட்டு மணிக்குக் கதிரையில் உட்கார்ந்தால், மாலை எழும்பும்போது கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. பதினொரு வருடமாக அதே கதிரை. கணவன் றிஸ்வி அதைவிட ஒரு வருடம் கூடுதலாகக் கத்தாரில் இருந்தான். அங்கே ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வரும் சாமான், போகும் சாமான் எழுதுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் வந்து போவான். பிள்ளைகள் இல்லை.

ஆரம்பத்தில் தொலைபேசியில் பேச நிறைய இருந்தது. வருடங்கள் போகப்போக அது வற்றிவிட்டது.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். அங்க மழையா?"

"மழைதான்."

அதற்குப் பிறகு ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார். சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்க இருவருக்கும் தெம்பும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை றிஸ்வி வேறு ஒன்று கேட்டான். "ஸ்கூல் போற காலத்துல கண்டி டவுன்ல ஒரு கடையில நான் விளையாடின சண்டை கேம் ஒண்டு ஈக்கி. இப்ப இன்டர்நெட்ல ரெண்டு பேருக்கு விளையாடலாம். பார்ப்பமா?"

"எனக்கு அதெல்லாம் ஏலாது."

"சும்மா பட்டனை அமத்துங்க. பேசத் தேவல்ல."

பேசத் தேவையில்லை என்றது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. தம்பி கொழும்புக்குப் போகும்போது விட்டுச் சென்ற பழைய கணினி வீட்டில் இருந்தது. பட்டறைக்கு வெள்ளிக்கிழமை அரைநாள். அங்கே ஜும்ஆ முடிந்து றிஸ்வி அறைக்கு வரும்போது இங்கே பின்னேரம் நாலரை மணி. போனையும் பக்கத்தில் போட்டுவைத்து இருவரும் விளையாடத் தொடங்கினார்கள். படம் தடுக்கித் தடுக்கி ஓடியது. றமீஸா ஐந்து கிழமை தொடர்ந்து தோற்றாள்.

தோற்பதில் அவளுக்குக் கவலை இல்லை. விரல்தான் பிரச்சினை. நாள் முழுக்க ஈயக்கோலைப் பிடித்த பெருவிரல் விறைத்துப்போய் சின்னச் சின்ன விசைகளில் சரியாக விழாது. மூன்று விசைகளைச் சேர்த்து அமத்தினால் அந்தப் பழைய விசைப்பலகை இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளும். உள்ளங்கையால் அடிக்கிற மாதிரிப் பெரிய பொத்தான்களும் ஒரு கைப்பிடிக் கம்பும் வைத்து ஒருவர் வீட்டிலேயே பெட்டி செய்வதை ஒருநாள் போனில் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். உள்ளே வயர் மட்டும்தான். இதைத்தானே தினமும் செய்கிறேன் என்று நினைத்தாள்.

பொத்தான்களும் கம்பும், அமத்துவதைக் கணினிக்குச் சொல்லும் சிறிய பச்சைத் தகடும் கொழும்பிலிருந்து தபாலில் வந்தன. பெட்டிக்குப் பழைய அலுமாரியின் ஒரு கதவைக் கழற்றி, பக்கத்துத் தெருவில் தச்சுவேலை செய்யும் மக்கீனிடம் கொண்டுபோனாள்.

"எட்டு ஓட்டை போடணும் நாநா. ஒரே அளவு. கம்புக்கு வேற ஒண்டு."

மக்கீன் அவள் கடதாசியில் வரைந்திருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தங்கச்சி இது, அடுப்பா?"

"விளையாட்டுச் சாமான்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. துளைகளைப் போட்டு, ஓரங்களை மணல்தாள் பிடித்துக் கொடுத்தார்.

வேலை விட்டு வந்து சோறு வடித்த பிறகு, மிஞ்சிய நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பூட்டினாள். முதலில் செருகியபோது முதல் மூன்று பொத்தான்கள் மட்டும் வேலை செய்தன. ஒரு கறுப்பு வயர் ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகப் போகும். மூன்றாவதைத் தாண்டியதும் அது பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே தெரியாததால் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. பிறகு கம்பை மேலே தள்ளினால் திரையில் ஆள் குந்தினான். கம்பை மேலே தள்ளும்போது அடியில் அழுந்துவது கீழ்ப்பக்கத்துச் சுவிட்சு என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வயர்களை மாற்றிப் பற்றவைத்தாள். மடியில் வழுக்காமலிருக்கப் பழைய செருப்பின் அடியை வெட்டி நாலு மூலையிலும் ஒட்டினாள்.

பெட்டி பூட்டி முடிந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் றிஸ்வியை வென்றாள். அடுத்தடுத்து நாலு ஆட்டம்.

"இண்டைக்குக் களைப்பு," என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான். கிழமை முழுக்க அவன் குரல் செத்துக் கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, கடைசி அடிக்கு முன் றமீஸா கையைத் தூக்கிக்கொண்டாள். றிஸ்வி வென்றான். சிரித்தான். சிரிப்போடு பேச்சும் வந்தது. அறையில் இருக்கும் நேபாளக்காரன் பருப்பில் சீனி போடுவது, தண்ணீர் வராத நாளில் எல்லோரும் பள்ளிவாசலுக்குக் குளிக்கப்போனது என்று அரைமணி நேரம். ஒரு வருடத்தில் அவன் அவ்வளவு பேசியதில்லை.

அதன்பின் அவள் தோற்றுக்கொண்டே வந்தாள். சும்மா தோற்றால் அவனுக்குத் தெரிந்துவிடும். நன்றாக அடித்து, கிட்டத்தட்ட வென்று, கடைசியில் ஒரு நொடி பிந்த வேண்டும். வெல்வதைவிட அது கடினமாக இருந்தது. பட்டறை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் மேலே இன்னொரு வேலையாக அதை இரண்டரை வருடம் செய்தாள்.

லீவு கிடைக்கவில்லை என்று அவன் அந்தக் காலத்தில் ஒருமுறையும் வரவில்லை. போன ஆவணியில் றிஸ்வி திடீரென்று வருவதாகச் சொன்னான். "இந்த முற மிச்சம் நாள் நிப்பேன்," என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அலுமாரியின் மற்றக் கதவையும் கழற்றி மக்கீனிடம் கொண்டுபோய், அவனுக்கும் ஒரு பெட்டி செய்துவைத்தாள்.

வந்தவன் பத்து நாள் தூங்கினான். மெலிந்திருந்தான். சேர்ட் போடும்போது வலது கையைக் கடைசியாக நுழைத்தான். புதுப் பெட்டியைத் தடவிப் பார்த்து, "வடிவா ஈக்கி," என்றதோடு சரி. ஒரு ஞாயிறு மத்தியானம், மழைக்கு வெளியே போக முடியாமல், அவனாகவே கணினியைப் போட்டான். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து விளையாடினார்கள்.

முதல் ஆட்டம் அவனுக்கு. இரண்டாவதும் அவனுக்கு. மூன்றாவதில் திரையில் அவள் ஆள் ஓங்கிய கையோடு நின்றபோது, றிஸ்வி திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய கையைப் பார்த்தான். அது பொத்தானுக்கு மேலே அசையாமல் நின்றது.

"நீங்க விட்டுத் தாறீங்க," என்றான்.

றமீஸா கையை எடுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு காலமா?"

"பெட்டி செஞ்சதிலேருந்து."

அவன் எழுந்து குசினிக்குப் போனான். கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. கோபத்தில் வெளியே போய்விடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் இரண்டு பிளேன்டீயோடு திரும்பி வந்தான். அவளுடையதை இடது கையால் நீட்டினான்.

"நான் ஸ்டோர்ல எழுதுற வேலைல இல்ல றமீஸா. அதுலேருந்து எடுத்து மூணு வருஷம். லொறியிலேருந்து டைல் பெட்டி இறக்கினேன். தோள் போய்ட்டு. இனி ஏலாதுன்னு அனுப்பிட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? நீங்களும் கழுத்து ஏலாமத்தானே ஈந்தீங்க." டீயைக் குடித்தான். "வெள்ளிக்கிழமை நான் வெல்லுவேன். கிழமை முழுக்க அத நினைச்சிட்டுத்தான் தூக்கினேன்."

மழை விடாமல் பெய்தது. றமீஸா கோப்பையை நிலத்தில் வைத்தாள். மூன்று வருடம் கேட்ட குரலில் இது எங்கே இருந்தது என்று யோசித்தாள். பிடிபடவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. வெறும் அலுப்புத்தான் வந்தது.

"தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டான்.

"அப்பவும் விட்டுத்தான் தந்திருப்பேன்."

அவன் லேசாகச் சிரித்தான். "இப்ப விட வேணாம். அடிங்க பார்ப்பம்."

அவள் அடித்தாள். ஒன்பது ஆட்டம், ஒன்பதும் அவளுக்கு. ஏழாவதில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். நிற்பாட்டுவமா என்று கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தான். பத்தாவது தொடங்கும்போது கரண்ட் போய்விட்டது.

றிஸ்வி திரும்பிப் போகவில்லை. கம்பளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் எழுதுகிறான். செவ்வாய்க்கிழமைகளில் கண்டி ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி. முதல் தடவை தனியாகப் போனவன், எந்த வரிசையில் நிற்பதென்று தெரியாமல் மத்தியானத்துக்குப் பிறகு பஸ்ஸில் நின்றபடி வந்தான். வந்தவுடன் அதைச் சொன்னான்.

"சரியான சனம். நம்பர் எடுத்தும் வேலையில்ல. வேற ஜன்னலுக்குப் போகச் சொன்னாங்க."

"கையைத் தூக்கச் சொன்னாங்களா?"

"தூக்கினேன். இவ்வளவுதான்." தோள் மட்டத்துக்குக் கீழே காட்டினான்.

அடுத்த நாள் றமீஸா பட்டறைக்குப் போய், இனிச் செவ்வாய்க்கிழமை காலையில் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வரமாட்டேன், அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை முழுநாளும் வேலை செய்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் சரி என்றார்.