துரைக்குத் தெளித்த தண்ணீர்

பினாங்கில் அந்தக் காலத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர்மலை அருவியிலிருந்து இரும்புக் குழாயில் இறங்கி வரும் தண்ணீர் துரைமார் பங்களாக்களின் புல்தரைக்குப் போகும், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குப் போகும், குதிரை லாயங்களுக்குப் போகும். எங்கள் சந்து முனையைத் தாண்டித்தான் அவ்வளவும் போகும். உள்ளே மட்டும் திரும்பாது. எங்களுக்கென்று இருந்தது பெரிய ரோட்டில், இரண்டு தெரு தள்ளி, ஒரே ஒரு பொதுக்குழாய். அங்கே ரிக்‌ஷாக்காரர்கள் கால் கழுவுவார்கள், கடைக்காரர்கள் அண்டா அண்டாவாகப் பிடிப்பார்கள். அவர்களெல்லாம் மனசு வைத்து நகர்ந்த பிறகு எங்கள் சந்துப் பெண்கள் குடத்தை நீட்டலாம்.

நான் கணவனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டில் இருந்தேன். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. தம்பி துறைமுகத்தில் கிராணி. நாளெல்லாம் கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதுவான். அவன் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். ஒல்லிப் பெண். நான் பள்ளிக்குக் கிளம்பும் முன் இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன். மிச்சத்தை அவள்தான் இடுப்பில் சுமக்க வேண்டும். சந்துக்குள் ஒரு குழாய் வந்தால் இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்பதே எனக்கு அப்போதிருந்த ஒரே நினைப்பு.

முனிசிபாலிட்டி வருஷா வருஷம் பட்ஜெட் போடும். அதற்கு முன்னால் ஒரு கமிஷனர் துரை வட்டாரம் வட்டாரமாகச் சுற்றி, எங்கே என்ன குறை என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போய், பாடாங் திடலில் பேண்டு வாசிக்கிற மேடைக்குப் புது வர்ணம் அடிக்கச் சொல்லுவார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. இங்கே பிள்ளையாரும் அவர்களேதான். இருந்தாலும், அந்த வருஷம் துரை எங்கள் சந்துக்கு வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை பிறந்துவிட்டது.

எங்கள் சந்துக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். துறைமுகக் கூலிகளை மேய்க்கும் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். மேய்க்க ஆளில்லாமல் சந்துக்காரர்களை மேய்த்துக்கொண்டிருந்தார். துரை வருகிற செய்தி கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாழைமரம் கட்டச் சொன்னார், தோரணம் கட்டச் சொன்னார், கோயிலிலிருந்து மேளக்காரரைக் கூட்டி வந்தார். துரையின் பூட்ஸில் புழுதி படக்கூடாது என்று சந்து முழுக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். வாசலுக்கு வாசல் நிறைகுடமாம். பெண்கள் முதல் நாள் முழுக்கப் பெரிய ரோட்டுக்கும் சந்துக்கும் நடந்து நடந்து சுமந்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் தம்பி மனைவியும் போனாள். சந்துக் காரியத்துக்குப் போகாவிட்டால் நாலு பேர் பேசுவார்களாம்.

வரவேற்பில் எனக்கு இடம் கிடையாது. தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் எதிரே நிற்கக் கூடாதல்லவா? ஜன்னல் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். துரை மோட்டார் காரிலிருந்து இறங்கினார். மேளம் முழங்கியது. ஆரத்தி சுற்றி மஞ்சள் தண்ணீரைக் காலடியில் கொட்டினார்கள். பன்னீர் தெளித்தார்கள். இருபுறமும் பித்தளைக் குடங்கள் ததும்பி நின்றன. தெருவோ அடைமழை விட்ட மாதிரி சொதசொதவென்று கிடந்தது. துரையின் பூட்ஸ் ஒரு குட்டையில் ‘சளக்’ என்று இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

கூட வந்த முனிசிபல் கிராணி, துரை கேட்டதைத் தமிழில் சொன்னார். “ஒங்க எடத்துல தண்ணிக்கு ஏதும் கஷ்டம் இருக்கான்னு தொரை கேக்குறாரு.”

தண்டல் நெளிந்தார், குழைந்தார், கையைக் கட்டிக்கொண்டார். “தொரை புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க!”

வீட்டுக்கு வந்த விருந்தாளி சௌக்கியமா என்று கேட்டால், சாகக் கிடக்கிறவன்கூட சௌக்கியம் என்றுதான் சொல்லுவான். அது எங்கள் பண்பாடு. துரைக்கு அந்தப் பண்பாடு தெரியாது. அவர் குடங்களைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், தன் பூட்ஸையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பட்ஜெட்டில் எங்கள் சந்துக்கும் ஒரு வேலை ஒதுக்கியிருந்தார்கள். சந்தில் தண்ணீர் மிதமிஞ்சித் தேங்குவதால் அதை வெளியேற்ற ஒரு சாக்கடை! சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை செங்கல் வைத்து, சிமெண்டு பூசி, வெகு அழகாகக் கட்டினார்கள். வருவதற்கு வழியில்லாத தண்ணீருக்குப் போவதற்கு வழி கிடைத்தது. கோழிகள் அதில் குஞ்சுகளோடு குடியேறின. தண்டல் மட்டும், சந்தை ஜாலான் என்றும் சாக்கடையை லோங்காங் என்றும் மலாயில் சொல்லி மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

“நம்ம ஜாலான்ல லோங்காங் வந்துச்சா இல்லியா? யாரால வந்துச்சு? எல்லாம் நம்மளாலதான்லா!”

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சாக்கடைக்கு மேல் பலகை போடப் பணம் ஒதுக்கவில்லை. ஒரு நாள் காலை தம்பி மனைவி நிறைகுடத்தோடு அதைத் தாண்டும்போது கால் வழுக்கி உள்ளே விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகை என் கணவனுக்குக்கூட அழாதது. மருத்துவச்சி போகும்போது, அடுத்த தரம் இந்தப் பெண் குடம் தூக்கினால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் அவள் மறுபடி உண்டானாள். துரையும் மறுபடி வருவதாகச் சேதி வந்தது. நான் நேரே தண்டல் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணே, இந்தத் தடவ ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்காதீங்க. குடத்த எல்லாம் கவுத்து வையுங்க. தொரை உள்ளத உள்ளபடி பாக்கட்டும்.”

“என்னம்மா பேசுற நீ? வர்றவங்கள புழுதியில நடக்க விடுறதா? வாசல்ல வெறுங்கொடம் வெக்கிறதா? நம்ம மானம் என்னா ஆவுறது?”

“மானத்தக் காய்ச்சிக் குடிக்க முடியுமாண்ணே?”

“நீ போம்மா. விடிஞ்சும் விடியாம வந்து நிக்கிற” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் முகத்தில் விழித்ததற்கு அன்று என்னவெல்லாம் கெடப்போகிறதோ என்ற பயம் அவருக்கு. மறுபடியும் பெண்கள் சுமந்தார்கள். மறுபடியும் தெரு நனைந்தது. தம்பி மனைவியை மட்டும் நான் உள்ளே வைத்துப் பூட்டினேன்.

துரை வந்து இறங்கினார். மேளம் முழங்க, நிறைகுடமும் கையுமாகக் கூட்டம் அவரை அழைத்துக்கொண்டு வந்தது. நான் வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு வெறுங்குடங்களோடு வீட்டை விட்டு இறங்கி நேர் எதிரே நடந்தேன். எனக்கென்ன பயம்? அபசகுனமாகவே வாழ்கிறவளை எந்த அபசகுனம் என்ன செய்துவிடும்?

நாயனம் பாதியில் நின்றது. யாரோ ‘ஐயையோ’ என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போகிற வழியில் சகுனத் தடை வந்தால் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பிறகுதான் புறப்பட வேண்டும். வெறுங்குடம் ஒரு தடை, தாலியிழந்தவள் ஒரு தடை. இரண்டும் சேர்ந்து வந்தால் கேட்க வேண்டுமா? தண்டல் முதலில் திரும்பினார். மேளக்காரர் திரும்பினார். ஆரத்தித் தட்டு திரும்பியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வரவேற்புக் கூட்டம் முழுக்க வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நடுச்சந்தில் துரையும் முனிசிபல் கிராணியும் நானும் மட்டும் நின்றோம்.

துரை திகைத்துப்போய், எல்லாரும் எங்கே ஓடிவிட்டார்கள் என்று கிராணியைக் கேட்டார். கிராணி தமிழர். அவரும் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டார். மிஷன் பள்ளியில் பொறுக்கிய இங்கிலீஷ் என்னிடம் கொஞ்சம் இருந்தது. குடங்களைக் கவிழ்த்துக் காட்டி, இங்கே தண்ணீர் இல்லை ஐயா என்றேன்.

போன வருஷம் இங்கே தண்ணீர் தேங்கிக் கிடந்ததே, வடிகால்கூடக் கட்டிக் கொடுத்தோமே என்றார் அவர்.

“அது உங்களுக்காகப் பெரிய ரோட்டிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். இப்போது நீங்கள் மிதித்துக்கொண்டு நிற்பதும் அதுதான். சுமந்தவர்கள் இன்னும் குளிக்கவில்லை” என்றேன். தம்பி மனைவி விழுந்த இடத்தையும் காட்டினேன். அந்த இடத்தில் என் இங்கிலீஷ் தீர்ந்துபோனது. தமிழிலேயே சொன்னேன். கிராணி வேண்டாவெறுப்பாக மாற்றிச் சொன்னார்.

துரை கெட்ட மனிதர் இல்லை என்று நினைக்கிறேன். யாரும் அவரிடம் உண்மை சொன்னதில்லை, அவ்வளவுதான். பெரிய ரோடுவரை நடந்தே போய்க் குழாயடிக் கூட்டத்தைப் பார்த்தார். உள்ளே போனவர்கள் தண்ணீர் குடித்து, தடை கழித்து, மேளத்தோடு வெளியே வந்தபோது அவருடைய மோட்டார் கார் போயிருந்தது. ஒரு மாதம் என்னோடு சந்தில் யாரும் பேசவில்லை. அந்த வருஷப் பட்ஜெட்டில் குழாய் வந்துவிட்டது.

குழாயைத் திறப்பதற்குள் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து, தலையும் நின்றுவிட்டது. திறப்பு விழாவுக்குத் தண்டல் முன்னைவிடப் பெரிய தோரணம் கட்டினார். தன் முயற்சியால் வந்த குழாய் என்று பேசவும் தயாராக இருந்தார். முதல் குடத்தைச் சுமங்கலி ஒருத்திதான் பிடிக்க வேண்டும், அதுவும் கைக்குழந்தைக்காரியாக இருந்தால் விசேஷம் என்று தம்பி மனைவியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் பட்டுச் சேலை உடுத்திப் பூ வைத்துக்கொண்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு மட்டும் கொஞ்சம் உள்ளாறயே இருந்துக்குங்க. புள்ளைக்கு ஆவாதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல? வெளியே மேளம் கேட்டது, குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் விடியலில் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஏற்கெனவே நீள வரிசை. என் வெள்ளைச் சேலையைக் கண்டதும் முன்னால் நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகினாள். அடுத்தவளும் விலகினாள். விடிந்ததும் என் முகத்தில் விழிக்க யாருக்குத் துணிவு வரும்? நான் நேரே போய்க் குடத்தை வைத்தேன். அந்தச் சந்தில் நான் இருந்த அத்தனை வருஷமும் வரிசையில் நிற்காமல் தண்ணீர் பிடித்தவள் நான் ஒருத்திதான்.