இடப்பக்கம் இழுத்த ஜீப்பும் என் வலது கையும்

ஆயுத பூஜை முடிந்து நான்காம் நாள்தான் ஜீப்பை வெளியே எடுத்தோம்; எடுத்ததுமே இடப்பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. வத்தல்மலை அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் ஸ்டியரிங்கைப் பதினோரு முறை வலப்பக்கம் திருத்தியிருந்தேன். வழக்கமாக இரண்டு முறை போதும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி பன்னிரண்டு என்றாள். அவள் எண்ணியதில் ஒன்று, குறுக்கே வந்த எருமைக்காகத் திருப்பியது. அதைச் சேர்க்கக் கூடாது.

"என் எடையாலதான்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

சொல்லத்தான் நினைத்திருந்தேன். விட்டுவிட்டேன்.

மலைமேல் எங்களுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு காப்பிச் செடிகள் இருக்கின்றன. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். வாரம் ஒரு நாள் மேலே போய் அவற்றை எண்ணிவிட்டு வருவேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் மாத்திரை விழுங்குகிறேன். அன்று மாலை ஓசூரிலிருந்து மகள் போன் செய்து அதற்கே உலை வைத்தாள். அவளிடம் என் மனைவி எதையும் ஒளிப்பதில்லை.

"வண்டி இழுக்கலப்பா, உங்க கைதான் சோர்ந்து போச்சு. போன மாசம் டம்ளரை நழுவ வுட்டீங்கல்ல? கியர் போடறப்ப வலது கை ஒண்டியாதான ஸ்டியரிங்கைப் புடிக்குது. அது தளர்ந்தா வண்டி இடது பக்கந்தான் போவும். ஞாயித்துக்கிழமை வரேன். சாவிய எடுத்து வைங்க."

"ரெண்டு டம்ளர்" என்று மனைவி பின்னாலிருந்து திருத்தினாள்.

அன்று திங்கட்கிழமை. ஆறு நாள் இருந்தது.

முதலில் சாலையைச் சந்தேகித்தேன். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தைப் பார்த்துச் சற்றே சரிந்திருக்கும். இடப்பக்கமே ஓட்டுகிறவனின் வண்டி இடப்பக்கம் நகர்வது இயல்புதான். விடிந்ததும், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையாகப் பார்த்து நட்டநடுவில் ஓட்டினேன். அப்போதும் இடப்பக்கமே இழுத்தது. டயர்களின் காற்றை அளந்தேன். நான்கிலும் சரியாக இருந்தது. பஞ்சர் கடையில் முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். டயரில் கோளாறு என்றால் இழுவையும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் மிச்சம் இருந்தது என் கைதான். விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தேன். நன்றாக இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் மாரண்டஹள்ளி மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஜீப்பைத் தவிர வேறு வண்டியைத் தொட மாட்டார். பேச்சில் மட்டும் எதையும் விட்டுவைக்க மாட்டார்.

"என்னங்க சர்வேயரே, பூஜை முடிஞ்சி வாரம் ஒண்ணு தாண்டியாச்சு. வண்டிக்கு இன்னும் மூஞ்சி கழுவலையா?"

"சந்தனம் தானா உதிரணும். அதான் எங்க வூட்டு வழக்கம்" என்றாள் மனைவி.

அவர் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். வலது சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார். ஒன்பது சுற்று ஓடி நின்றது. இடது சக்கரம் இரண்டே சுற்று.

"பிரேக் புடிச்சிக்கினு வுட மாட்டேங்குது" என்றவர், பிரேக்கைத் தளர்த்திவிட்டு மறுபடி சுழற்றினார்.

"ரெண்டேகால்" என்றேன்.

"அந்தக் காலை என்னங்க பண்றது?"

அதற்குள் மனைவி இரண்டு சக்கரங்களையும் சுழற்றிவிட்டு, பின்னால் குனிந்து பார்த்தாள். "ஏங்க, இந்தச் சக்கரம் சுத்தறப்ப உள்ள ஒரு தண்டும் சேர்ந்து சுத்துது. அந்தப் பக்கம் அப்படிச் சுத்தலியே."

மெக்கானிக் சக்கரத்தின் நடுவில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் திருகு உண்டு. மலைச் சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமானால், இரண்டு முன்சக்கரத் திருகுகளையும் 'லாக்' என்ற குறிக்குத் திருப்ப வேண்டும். தார்ச்சாலையில் இரண்டும் 'ஃப்ரீ'யில் இருக்க வேண்டும். வலது திருகு ஃப்ரீயில் இருந்தது. இடது திருகு லாக்கில் இருந்தது.

"ஒரு சக்கரம் சும்மா ஓடுது, இன்னொண்ணு உள்ள இருக்கிற அச்சையும் இழுத்துக்கினு ஓடுது. போதாக்குறைக்கு உள்ள கிரீஸ் வேற காஞ்சி போயிருக்கு. இழுக்காம என்ன பண்ணும்? இதை யாரு திருப்புனது?"

எனக்குப் புரிந்துவிட்டது. பூஜைக்கு முன்தினம் இந்தப் பித்தளைத் திருகுகளைப் புளி போட்டுத் துலக்கினோம். வலது சக்கரம் அவளுடையது, இடது சக்கரம் என்னுடையது. அவள் மேலும் கீழுமாகத் தேய்த்துவிட்டு எழுந்துபோனாள். சாமிக்கு வைக்கிற பொருளை வலச்சுற்றாகத்தான் தேய்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அழுத்தி நூற்றெட்டு முறை தேய்த்தேன். பிறகு நானே அதன்மேல் சந்தனத்தை அப்பி, குறியையும் மறைத்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். மனைவி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தத் திருகைத் திருப்பணும்னா நானே ரெண்டு கையும் போட்டுத் தம் கட்டணும். நீங்க புளிய வெச்சித் தேய்ச்சே திருப்பிட்டீங்களா? எந்தக் கையிலங்க?"

"இந்தக் கையில" என்று வலது கையைக் காட்டினேன்.

அவர் இடது திருகைத் தம் கட்டி ஃப்ரீக்குத் திருப்பி, உள்ளே புது கிரீஸ் வைத்தார். திருகின் இறுக்கத்தை மட்டும் தளர்த்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை மகள் வந்தாள். காப்பியைக்கூடக் குடிக்காமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தாள்.

"நேராத்தான் போவுது. ஆனா கை?"

அவளை இடது சக்கரத்தருகே அழைத்துப் போய்த் திருகைத் திருப்பச் சொன்னேன். ஒரு கையால் முயன்றாள், இரண்டு கையாலும் முயன்றாள், வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டும் முயன்றாள். அசையவில்லை. பிறகு நான் வலது கையால் லாக்குக்குத் திருப்பினேன், அதே கையால் ஃப்ரீக்கும் கொண்டுவந்தேன். தம் கட்டியது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

மகள் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். "அடுத்த பூஜைக்கு ரெண்டு சக்கரத்தையும் அம்மாதான் தேய்க்கணும். நீங்க பொரி கடலையப் பாத்துக்குங்க."

சம்மதித்தேன். மறுநாள் நாங்கள் இருவரும் மலைக்குப் போனோம். அடிவாரம் வரை நான் திருத்தியது இரண்டே முறை. மனைவியும் இரண்டு என்றுதான் சொன்னாள். அன்று எருமை வரவில்லை.