நஜ்முன் நிஸாவின் கால் அலுமாரி

கிண்ணியாவில் வீடு பெண்ணுடைய சொத்து என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு மகள் பிறந்து, அந்த மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டால், வீடு மகளுடையதாகிவிடும். தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டிப் போக வேண்டியதுதான். இதில் யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. ஊர் வழக்கத்தோடு யார் சண்டை பிடிப்பது?

நஜ்முன் நிஸாவின் மூத்த மகள் பரீதாவுக்கு மூதூரில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை அமைந்தார். பெயர் கலீலுர் றஹ்மான். நல்ல பிள்ளை. மாப்பிள்ளையின் உம்மா மட்டும் பெண் பார்க்க வந்த அன்று புகை படிந்த பழைய ஓலைக் குசினியை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். அந்த ஒன்றும் சொல்லாமை போதும். அபூதாஹிர் மறு கிழமையே புதுக் குசினிக்குக் கல்லும் மண்ணும் இறக்கிவிட்டார்.

அபூதாஹிர் நிஸாவின் கணவர். திருகோணமலைச் சந்தையில் கருவாட்டு வியாபாரம். எந்தச் சுவர் எங்கே வரவேண்டும், யன்னலுக்கு என்ன நிறம், அடுப்பு எந்த மூலையில் என்று எல்லாவற்றையும் அவரே தீர்மானித்தார். அந்த அடுப்பில் அவர் ஒரு நாளும் தேநீர் கூடப் போட்டதில்லை என்பது வேறு கதை. கடைசியில் மர வேலைக்கு வந்தபோது அவருக்கே அலுத்துப் போயிருக்க வேண்டும்.

"குசினி அலுமாரி ஒன்ட விருப்பம் புள்ள. எப்படி வேணுமெண்டு நீயே ஓடாவியிட்டச் சொல்லு," என்றார்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நிஸாவிடம் யாரும் "உன் விருப்பம் என்ன" என்று கேட்டதில்லை. கேட்டதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

ஓடாவி பாக்கியரத்தினம் பாலையூற்றுக்காரர். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் துறைமுகத்தில் கப்பல்களுக்கு மர வேலை செய்தவர். அதைச் சொல்லாமல் ஒரு ஆணியும் அடிக்க மாட்டார்.

"ரெண்டு விதமாச் செய்யலாம் தங்கச்சி," என்றார். "ஒண்டு, சுவரோட சேர்த்துக் கட்டுறது. கப்பல் குசினியில எல்லாம் அப்பிடித்தான். சுவர்தான் முதுகு, பலகை மிச்சம், ஆடாது அசையாது. மற்றது, நாலு கால் வைச்ச அலுமாரி. தன்பாட்டில நிக்கும். ஆனா பலகை கூடப் போகும். என்னைக் கேட்டா, சுவரோட கட்டுறதுதான் புத்தி."

நிஸா சுவரைப் பார்த்தாள். சுவரோடு கட்டினால் அது வீடு. வீடு பரீதாவுக்கு. காலோடு நின்றால் அது சாமான். சாமானைத் தூக்கிக்கொண்டு போகலாம். பின்வளவுக்குப் போகும்போது தன்னுடையது என்று ஒரே ஒரு பொருளாவது கூட வரவேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை கிளம்பியது. மகளிடம் பொறாமையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. இந்த வீட்டில் இத்தனை காலம் வாழ்ந்ததற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பெற்ற மகளுக்குக் கொடுக்கிறதில் கணக்குப் பார்க்கிறாள் என்று ஊர் சிரிக்காதா?

"காலோட செய்யுங்க அண்ணன். எறும்புத் தொல்லை. காலுக்குக் கீழ தண்ணி வைக்கலாம்தானே," என்றாள். எறும்புகள் அவள் மானத்தைக் காப்பாற்றின.

அடுத்தது, பலகைகளை எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி. திருகாணி போட்டால் பிறகு கழற்றலாம், ஆனால் கடைகளில் பித்தளை ஆணி இல்லை, இரும்பு ஆணி உப்புக் காற்றில் இரண்டு மாரிக்குள் துருவேறிவிடும் என்றார் பாக்கியரத்தினம். துளை போட்டு, மற்றப் பலகையின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி உள்ளே இறக்கி, பசை வைத்து, மர ஆணியால் இறுக்கினால் பேரப்பிள்ளை காலத்துக்கும் ஆடாது. நிஸாவுக்கு அந்த இறுக்கம் பிடித்துப் போயிற்று. ஓம் என்றாள்.

மாரி பிடித்துக்கொண்டதால் வேலை முழுவதும் புதுக் குசினிக்குள்ளேயே நடந்தது. மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவில் அப்போது சுவர் இல்லை. இரண்டு மாடு ஒன்றாகப் போகலாம், அவ்வளவு அகலம். முதிரைப் பலகையில், கம்பிவலைக் கதவுகளோடு, இரண்டு கையையும் விரித்தால் எட்டாத அகலத்தில், கையை முழுதும் விட்டாலும் பின்பலகை தொடாத ஆழத்தில் அலுமாரி எழுந்து நின்றது. நிஸா வேலை முடிந்த அன்று கதவைத் திறந்து திறந்து மூடினாள். சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்கவும் இல்லை.

கல்யாணம் நெருங்கியபோது அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டு ஆம்பிளையள் மண்டபத்தில இருப்பாங்க. நாங்க குசினியில நிண்டு வேல செய்யிறது எல்லாருக்கும் தெரியிது. ஒரு மறைப்பு வேணும்."

நியாயமான பேச்சு. மேசன் வந்து சுவர் எழுப்பி, ஓராள் போகிற அளவுக்கு ஒரு வாசல் விட்டுப் பூசி முடித்தார். கொல்லைப் பக்கத்து வாசலும் ஒடுக்கம், யன்னல்களுக்கு இரும்புக் கம்பி. கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை. அந்த வாசலையும் அந்த அலுமாரியையும் ஒன்றாகச் சேர்த்து நினைக்க யாருக்கு நேரம்? நிஸாவுக்கும் இருக்கவில்லை.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. பின்வளவு வீடும் கூரை ஏறியது. குடிபோகும் நாளன்று பாய், பெட்டி, சின்ன மகள் லைலாவின் புத்தகங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. கடைசியாக நாலு பேர் அலுமாரியைத் தூக்கினார்கள். வாசலில் முட்டியது. சாய்த்தார்கள், முட்டியது. படுக்க வைத்தார்கள், தலைகீழாக்கினார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நிஸா கதவு மறைவில் நின்று பார்த்தாள். இது வெளியே வராது என்று எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத்தான் விளங்கியது.

பாக்கியரத்தினத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து மூட்டுகளைத் தட்டிப் பார்த்தார்.

"கழட்ட ஏலாது தங்கச்சி. அறுத்தாத்தான் ஏலும். அறுத்தா அது பிறகு அலுமாரியில்லை," என்றார். பாவம், தன் வேலையின் இறுக்கத்தை நினைத்து அன்றைக்குத்தான் முதல்தடவை அவர் பெருமைப்படவில்லை.

"அலுமாரியை ஏன் அறுக்கோணும்? சுவரை ஒடைச்சிட்டு எடுப்பம்," என்று மருமகன் கலீலுர் றஹ்மான் எழுந்தார். "மாமிட சாமான். நான் பிறகு பூசித் தாறன்."

நல்ல பிள்ளை என்று சொன்னேனே. கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் நிஸாவுக்கு ஒருவேளை லேசாக இருந்திருக்கும். சண்டையாவது பிடித்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு வேலையில் நின்ற மேசன் சுவர் இடிக்கிற அலவாங்கோடு வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். கண்டபடி உடைத்துவிட்டுப் பிறகு பேச்சு வாங்குகிற ஆள் இல்லை அவர்.

"கல்லில கைவைக்க முதல் கேக்கிறன். வீட்டுக்காரர் ஆர்? அவர் சொன்னாத்தான் ஒடைப்பன்."

பழக்கதோஷத்தில் அபூதாஹிரின் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. வீட்டை மகள் பேருக்கு உறுதி எழுதுவித்தது அவர்தானே. மருமகன் பரீதாவைப் பார்த்தார். நிஸாவுக்கும் வாயில் ஒரு சொல் வந்து நின்றது. தான் பிறந்து, பிள்ளை பெற்று, வாப்பாவின் மையித்தை வழியனுப்பிய வீடு அது. அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு இடமில்லை.

பரீதா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான். ஒடைங்க மேசன் நானா. அது எங்கட உம்மாட அலுமாரி," என்றாள்.

அன்போடுதான் சொன்னாள். கண்கூடக் கலங்கியிருந்தது. நிஸாவின் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது.

"வேணாம்," என்றாள் நிஸா. "இன்னும் காயாத பச்சைச் சுவர். ஒடைச்சா மற்றப் பக்கமும் வெடிக்கும். இருக்கட்டும் மகள், ஒனக்கும் சாமான் வைக்க வேணும்தானே."

"உம்மா, நீங்க ஆசையாச் செய்ததல்லவா?"

"நான் எறும்புக்குத்தானே செய்த. அங்கால எறும்பு இல்ல."

மேசன் அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார். பாக்கியரத்தினம் தேநீர் குடித்துவிட்டுப் போனார். நாலு பேருமாக அலுமாரியைப் பழைய இடத்தில் நிமிர்த்தி வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மத்தியானம் பின்வளவில் அடுப்பு மூட்டியபோது கொத்தமல்லித் தூள் அலுமாரிக்குள்ளேயே கிடப்பது நினைவு வந்தது. நிஸா திரும்பிப் போனாள். பரீதா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிஸா அலுமாரிக்கு முன்னால் போய் நின்றாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தூள் போத்தல் தெரிந்தது. கை கதவுக் குமிழ் வரை போய் நின்றுவிட்டது.

"மகள், இதத் தொறக்கட்டா?" என்று கேட்டாள்.

பரீதா தலை நிமிராமல், "ஓம் உம்மா, எடுங்க," என்றாள்.