மிட்டாய் பாக்டரியின் உச்சி ஜன்னல்கள்

புவனேஸ்வரன் முப்பத்தொரு வருஷம் மிட்டாய்ப் பாகு காய்ச்சியவர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் அந்தப் பாக்டரி இப்போது ஹோட்டலாகப் போகிறது. எது எங்கே இருந்தது என்று காட்டச் சொல்லி, கட்டடக் கலைஞர் ஷஃபீக் அவரைக் கூப்பிட்டிருந்தார். காரோட்டி வந்த மகள் சுதர்ஷினி வாசலோடு போயிருக்கலாம். கூடவே உள்ளே வந்துவிட்டாள்.

அவள் அம்மா குமுதா செத்தது இங்கேதான். ஜன்னலை அடைத்து அம்மாவைக் கொன்றவன் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, என்று ஒன்பது வயதிலிருந்து சொல்லி வருகிறாள். புவனேஸ்வரன் இல்லை என்றதில்லை. இன்று அவருக்குச் சோறு போடுவதும் அவள்தான்.

பாக்டரியைக் கட்டியவன் கெட்டிக்காரன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு முழக் கனத்துக்குச் சுண்ணாம்புச் சுவர். கீழே விறகடுப்பு, மேலே பெண்கள் உட்கார்ந்து மிட்டாய்க்குத் தாள் சுற்றும் மாடி. மாடித் தரையின் நடுவே திறந்து விட்டிருந்த வெளி வழியாகப் புகை ஏறி, கூரைக்கு மேலிருந்த குட்டிக்கூரையின் ஜன்னல்கள் வழியே வெளியேறிவிடும். எல்லாம் சரிதான். உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று என்பார்கள். பினாங்கிலோ நினைத்தபோதெல்லாம் மழை. ஈரக்காற்று பட்டால் மிட்டாய் கசியும், தாள் ஒட்டும், அத்தனையையும் உரித்து மறுபடி சுற்ற வேண்டும். அதனால் மழை வலுக்கும் மாதங்களில் அந்த உச்சி ஜன்னல்களுக்குப் பலகை அடிப்பது வழக்கமாகிவிட்டது.

அப்படி அடித்திருந்த ஒரு மத்தியானம், புகை போக வழியில்லாமல், மாடியில் ஆறு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் எழுந்தார்கள்.

உச்சி ஜன்னல்களில் இன்னும் இருந்த பலகைகளை ஷஃபீக் அண்ணாந்து பார்த்தார். "அங்கிள், இந்தப் பலகை யாரு அடிச்சது? ரிப்போர்ட்ல எழுதணும்."

"தவுக்கேதான், வேற யாரு? எழுதுங்க லா, நல்லா எழுதுங்க," என்றாள் சுதர்ஷினி.

தலையாட்டிவிட்டால் முடிந்தது. இருபத்தாறு வருஷமாக ஆட்டிய தலைதானே! புவனேஸ்வரனுக்குப் பயமும் இல்லை, துக்கமும் இல்லை. மரத்துப்போன கால்போல உள்ளே எல்லாம் கிடந்தது.

"தவுக்கே அந்த வாரம் ஈப்போவுல இருந்தாரு. நான்தான் அடிச்சேன்," என்றார்.

ஷஃபீக் எழுதுவதை நிறுத்தினார். சுதர்ஷினி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"தாள் ஒட்டுது, அடைங்கன்னு சொன்னதே அவதாம்மா. ஏணிய புடிச்சிக்கிட்டு, ஆணிய ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தா."

சொல்லிவிட்டு, இப்போதாவது அழுகை வருமா என்று பார்த்தார். வரவில்லை. மகள்தான் அழுதாள்.