இரண்டரை சென்டிமீட்டர்

என் அக்காவின் கணவருக்கு முழக்கோல் என்று பட்டப்பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருக்காரர்களே முழிப்பார்கள். வீட்டை நீட்டிக் கட்டுகிறவர்கள், மாடி எடுக்கிறவர்கள், கார் நிறுத்தக் கூரை போடுகிறவர்கள் எல்லாரும் அனுமதிக்கான படம் வரைய அத்தானிடம்தான் வருவார்கள். இருபத்தேழு வருஷமாக இதே பிழைப்பு. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டிலும் இலையைப் பார்க்க மாட்டார். ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பார். காலில் சக்கரம் கட்டிய மனுஷர். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் நாலு தரம் எழுந்து உட்காருவார். அவரோடு அரை மணி நேரம் பேசினால் எனக்குக் கால் வலிக்கும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் குறுக்கு வழி கேட்டுத்தான் வருவார்கள்.

"பின்பக்கம்தானே சார் கட்டுறேன், யார் கண்ணுல படப்போகுது?"

"பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுல படும். உங்க வீட்டைப் பாக்குறதை விட்டா அவருக்கு வேற என்ன வேலை?"

எல்லைக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் காலியாக விட வேண்டும் என்பது விதி. அந்த ஒரு மீட்டரில் ஒரு துளிகூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். கட்டிய சுவரை இடிக்கச் சொல்லி, வசவு வாங்கிக்கொண்டு வந்த நாட்களும் உண்டு.

போன வருஷம் அக்கா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்பினாள். இனி மாடி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே இருப்பதோ ஒரு கூடமும் சமையலறையும்தான். படுக்கை, குளியலறை எல்லாம் மேலே. கூடத்தின் மூலையில் கட்டில் போட்டு, கயிறு கட்டித் திரை தொங்கவிட்டோம். உடை மாற்றுவது, உடம்பு துடைப்பது, மற்றதெல்லாமே அந்தத் திரைக்குப் பின்னால்தான். திரைக்கு இந்தப் பக்கம் அத்தானைப் பார்க்க வந்தவர்கள் படச் சுருளோடு காத்திருப்பார்கள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள்.

"பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கிற மாதிரி இருக்குடா" என்றாள் என்னிடம். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

பக்கவாட்டில் குளியலறையோடு ஓர் அறை கட்டுவதென்று அத்தான் முடிவு செய்தார். ஊருக்கெல்லாம் ஒரே நாளில் படம் போடுகிறவர், இதைப் பதினோரு தரம் வரைந்து கிழித்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நாற்காலி முழு வட்டமாகத் திரும்ப வேண்டும். அதற்கு ஒன்றரை மீட்டர் தேவை. உள்ளே அந்த ஒன்றரை, வெளியே விதிக்கு ஒன்று. இரண்டையும் விட்டுக் கணக்குப் போட்டால் சுவருக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம்.

அனுமதி வந்ததும் நூல் பிடிக்க அவரே நின்றார். கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"சார், ஒரு நாலு விரல் உள்ள தள்ளி வெச்சுக்குவோம். பின்னாடி நிம்மதி."

"நாலு விரல் போனா அவளுக்கு நாற்காலி திரும்பாதுப்பா. கோட்டு மேலயே வை."

செங்கல் கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. வேறு யாராக இருந்தாலும் குத்துமதிப்பாகக் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் கட்டியிருப்பார்கள், தப்பித்திருப்பார்கள். இவர் படத்தில் சுவர் என்றால் இரண்டு கோடு. அதன் மேல் ஏறும் சிமெண்ட் பூச்சை இருபத்தேழு வருஷத்தில் அவர் ஒருநாளும் வரைந்ததில்லை. அது கொத்தனார் பாடு என்றே இருந்துவிட்டார்.

அக்கா வீடு திரும்பிய ஏழாவது மாதம் அறை முடிந்தது. கட்டட ஆய்வாளர் வந்து அளந்து கையெழுத்துப் போட்டால்தான் கழிவுநீர்க் குழாயை இணைப்பார்கள். அதுவரை புதுக் குளியலறை வெறும் பொம்மை. அக்கா காலையிலேயே தலைவாரி, துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துத் தயாராக இருந்தாள்.

ஆய்வாளரும் அத்தானும் நெடுநாள் பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் டேப்பை எல்லையில் வைப்பார், இவர் மறுமுனையைச் சுவரில் பிடித்து எண்ணை உரக்கப் படிப்பார். அன்றும் அப்படியே பிடித்தார், அப்படியே படித்தார்.

"தொண்ணூத்தி ஏழரை."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பூச்சு இரண்டரை சென்டிமீட்டரைத் தின்றிருந்தது.

ஆய்வாளர் நல்ல மனுஷர். கூடத்து ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் அக்கா இருந்தாள்.

"டேப்பைக் கொஞ்சம் தளர விடுங்க. ஒரு மீட்டர் வந்துடும். நான் எழுதிக்கிறேன்."

எனக்கு உயிர் வந்தது. அத்தான் டேப்பை இன்னும் இறுக்கி இழுத்தார்.

"இறுக்கிப் பிடிச்சாத்தான் சார் அளவு. எழுதாதீங்க."

ஆய்வாளர் பேனாவை மூடிக்கொண்டு, சரிசெய்துவிட்டுக் கூப்பிடச் சொல்லிப் போய்விட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. "உங்க நேர்மையைக் கொண்டுபோய் உடைப்புல போடுங்க! உள்ள கிடக்கிறது யாரு, எங்க அக்கா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் எல்லைக்கும் சுவருக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தார்.

அக்கா கத்தவில்லை. எடுத்து வைத்த துணிகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபடி நின்றவர், உளியையும் சுத்தியலையும் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த ஒரு மீட்டர் சந்தில் ஆள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதே பாடு. கொத்தனார் வந்து, "நான் பாத்துக்கிறேன், விடுங்க சார்" என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. நாலு நாள், மூன்று பேருமாக அந்தப் பக்கத்துப் பூச்சு முழுவதையும் கொத்தித் தள்ளினோம். அத்தான் கை கொப்புளித்து உடைந்தது. என் கோபம் எந்த நாளில் போனதென்று எனக்கே தெரியாது. மழைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். செங்கல் மேல் சிமெண்ட் பால் அடித்துவிடலாம், கனம் ஏறாது என்றார் கொத்தனார். அடித்தோம்.

ஒன்பதாம் நாள் ஆய்வாளர் மறுபடி வந்தார். அத்தான் டேப்பை இறுக்கிப் பிடித்தார். உரக்கப் படித்தார்.

"ஒண்ணு."

குழாய் இணைத்த அன்று சாயங்காலம் அக்கா தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழு வட்டம் அடித்தாள். சக்கரம் எங்கும் உரசவில்லை. பிறகு எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கால் மணி ஆகியும் சத்தமே இல்லை. கதவுக்கு வெளியே நடந்துகொண்டே இருந்த அத்தானுக்குப் பொறுக்கவில்லை, தட்டிவிட்டார்.

"என்னம்மா, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாங்க" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "ஏழு மாசமா சேத்து வெச்சிருக்கேன். யாரும் பாக்காம கொஞ்சம் அழுதுட்டு வர்றேன்."

அத்தான் கூடத்துக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கதவைத் திறக்கும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.