இரண்டு கொடி கட்டிய பால் லாரி

லாரி முற்றத்துக்குள் திரும்பும்போதே மலாக்கி டூஹியின் தலை ஜன்னலுக்கு வெளியே வந்துவிடும். வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டே பேச ஆரம்பிப்பார். எஞ்சின் சத்தத்தில் முதல் பாதி யார் காதிலும் விழாது. அதனால் அவர் கொண்டுவரும் எந்தச் சேதிக்கும் தலை கிடையாது, வால் மட்டும்தான். "அப்புறம் பார்த்தா, பசு ஆத்துக்கு நடுவுல நிக்குது" என்று முடிப்பார். யார் வீட்டுப் பசு, எந்த ஆறு என்று கேட்டால் அவருக்கு வருத்தம் வந்துவிடும். "இப்பத்தானே சொன்னேன்" என்பார்.

குளூன்பெக், நாக்ரோ, லிஷீன் என்று ஒன்றையொன்று ஒட்டிய மூன்று தேவாலயப் பங்கு ஊர்களிலும் பால் எடுப்பவர் அவர்தான். சொந்தப் பங்கு குளூன்பெக். பால் தொட்டியின் மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கை உள்ளே விடுவார், பிறகுதான் குழாயை. பால் லாரிக்கு ஏறுகிற நேரத்தில் வீட்டிலிருந்து டீ வரும். வாசற்படியில் நின்றேதான் குடிப்பார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், "இன்னைக்கு பூட்ஸ் சரியில்ல" என்பார். பூட்ஸ் சரியாக இருந்த நாளை யாரும் பார்த்ததில்லை. ரொட்டியில் வெண்ணெய் மெலிதாகத் தடவியிருந்தால் துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார், அங்கேயாவது இருக்கிறதா என்று.

லாரிக்குள் ஒரு கறுப்பு டை எப்போதும் தொங்கும். மூன்று பங்கிலும் யார் கண்ணை மூடினாலும் அடக்கத்துக்கு மலாக்கி வந்துவிடுவார். அதற்கு உரிமையும் உண்டு. அவருடைய தாத்தாவின் தங்கைகளில் மூத்தவளை நாக்ரோவில் லாவெல் வீட்டுக்குக் கொடுத்தார்கள், இளையவளை லிஷீனில் நூன் வீட்டுக்குக் கொடுத்தார்கள். நாக்ரோக்காரிக்குப் பிள்ளைகள் ஒரு வண்டி. அவர்கள் கொண்டதும் கொடுத்ததுமாக, அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தாலும் ஏதோ ஒரு முறையில் அது மலாக்கியின் சொந்தம்.

கையாலும் காலாலும் ஆடும் எங்கள் கேலிக் கால்பந்து என்று வந்துவிட்டால் மட்டும் இந்த உறவெல்லாம் செல்லாது. அங்கே பங்குதான் ரத்தம்.

நாக்ரோக்காரர்கள் கோப்பையை வைக்க அலமாரி போதாதவர்கள். எங்கள் குளூன்பெக்கின் நடுக்கள ஆட்டக்காரன் ஒருத்தனை, மர அறுவை ஆலையில் வேலை போட்டுக் கொடுத்துக் கொண்டுபோனவர்கள். அதைச் சொன்னால் நாக்ரோவின் பேக்கி லாவெல் சிரிப்பார். "நாங்க எங்கப்பா கொண்டு போனோம். அவன் எங்க ஊர்ப் பொண்ணு பின்னாடி தானா நடந்து வந்தான். கதவைத் திறந்து வெச்சோம், அவ்வளவுதான்." லிஷீன்காரர்கள் வேறு மாதிரி. அவர்கள் கடைசியாகக் கோப்பையைத் தொட்டபோது மலாக்கியின் மனைவி ஃபிடெல்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

ஃபிடெல்மா பிறந்தது லிஷீன். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து குளூன்பெக்கின் நீலக் கழுத்துத்துணியைத்தான் சுற்றிக்கொண்டு ஆட்டத்துக்கு வருவார். லிஷீனோடு ஆடும்போதும் அப்படியே. யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்வது அதுதான், அதற்கு நன்றி சொல்லும் வழக்கமும் கிடையாது.

இந்த வருஷம் அரையிறுதியில் குளூன்பெக்கும் லிஷீனும் மோதின. ஆட்டம் சமமாக நின்றது. கடைசி நிமிஷத்தில் ஃபிடெல்மாவின் அண்ணன் மகன் டெக்லன் தூரத்திலிருந்து ஒரு உதை விட்டான். பந்து கம்பத்துக்கும் மேலே ஏறிப் போனது. கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்ற ஆள், பந்து இரண்டு கம்பத்துக்கும் உள்ளே போனதாக, ஒரு புள்ளிக்கான வெள்ளைக் கொடியை ஆட்டிவிட்டார். ஒரே ஒரு புள்ளியில் எங்கள் வருஷம் முடிந்தது. பந்து வெளியே போனது என்று குளூன்பெக்கில் பால்குடி மாறாத பிள்ளைகூடச் சத்தியம் செய்யும். மலாக்கி அந்தக் கதையை ஒவ்வொரு முற்றத்திலும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டுத் தொடங்கினார்.

ஆக, இறுதி ஆட்டம் நாக்ரோவுக்கும் லிஷீனுக்கும். நம் ஆட்கள் தோற்றுப்போனார்கள், நமக்கென்ன என்று வீட்டில் இருக்க முடியாது. எனக்கு யாரும் ஒன்றுதான் என்று சொல்கிறவனை எங்கள் பக்கத்தில் நம்பிப் பால்வாளியைக்கூடக் கொடுக்கமாட்டார்கள். ஒரு பக்கம் எடுத்தே ஆகவேண்டும்.

மலாக்கியோடு சின்ன வயதிலிருந்து ஒரே கம்பத்துக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்ப்பவர் ஃபின்டன். அவர் ஒரு நாள் காலையிலேயே கணக்கை முடித்து வைத்திருந்தார்.

"நாக்ரோக்காரன் ஜெயிக்கட்டும். அவன் ஒரு வாரம் பேசுவான், அது நமக்குப் பழகிப்போச்சு. லிஷீன்காரன் ஜெயிச்சான்னு வை, நம்ம சவப்பெட்டிய இறக்கும்போதும் அதையேதான் பேசுவான். அவனுக்கு வேற பேச்சே இல்ல."

அதே காலையில் லிஷீனில் ஜார்லத் நூன் வேறு விதமாகக் கூட்டிக் கழித்தார். "எங்களுக்குக் கை தட்டுறதுதான் உனக்கு மரியாதை, மலாக்கி. நாங்க ஜெயிச்சா, நீங்க தோத்தது கோப்பைக்காரன்கிட்ட. நாங்க தோத்தா, நீங்க தோத்தவன்கிட்ட தோத்தவங்க."

மலாக்கிக்கு இரண்டும் நியாயமாகப் பட்டது. அவர் குணம் அது. டீ கொடுத்த வீட்டில் மறுத்துப் பேச வராது. பேக்கி லாவெல் லாரியின் இடதுபக்கக் கண்ணாடியில் நாக்ரோவின் சிவப்புக் கொடியைக் கட்டியபோது, "காத்துல பறந்துடாம இறுக்கிக் கட்டு" என்றார். மறுநாள் ஜார்லத் வலதுபக்கத்தில் லிஷீனின் பச்சையும் மஞ்சளுமான கொடியைக் கட்டியபோதும் அதையேதான் சொன்னார். அதன்பிறகு நாக்ரோவில் இடதுபக்கம் வீட்டைப் பார்க்கும்படியும், லிஷீனில் வலதுபக்கம் வீட்டைப் பார்க்கும்படியும் வண்டியை நிறுத்தினார். வேறு ஊரில் வளர்ந்தவன் இந்தத் தப்பைச் செய்வானா தெரியாது. எங்கள் ஊரில் வளர்ந்தவன் செய்வான். கட்ட வந்த கொடியை வேண்டாம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது.

நாலு நாள் வண்டி ஓடியது. ஐந்தாம் நாள், இரண்டு பங்குக்கும் பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா ஒருவர் காலமானார். கல்லறை மூன்று ரோடு கூடுகிற இடத்தில் இருக்கிறது. மலாக்கி பால் எடுத்த கையோடு, கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு லாரியிலேயே வந்தார். நாக்ரோ ஜனம் ரோட்டுக்கு இடதுபுறம் நின்றது, லிஷீன் ஜனம் வலதுபுறம் நின்றது. அவரவர் கொடியை அவரவர் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்த நேரத்தில் சவவண்டி வந்துவிட்டது. வழிவிட வேண்டும். வேறு வழியில்லாமல் மலாக்கி லாரியை அங்கேயே முழுதாகத் திருப்பினார். நாக்ரோ பக்கம் பச்சை மஞ்சள் பறந்தது, லிஷீன் பக்கம் சிவப்பு.

சாமியார் ஜெபத்தை நிறுத்தவில்லை. ஜனம்தான் நிறுத்திவிட்டது.

"ரெண்டு வீட்டு மாட்டையும் ஒரே வாளியில கறக்குறான்" என்றார் பேக்கி, உதடு அசையாமல்.

"பொணத்துக்கு முன்னாடி வேண்டாம். மண்ணு போட்டுட்டு வரட்டும்" என்றார் ஜார்லத்.

மலாக்கி குனிந்து, காற்று நன்றாகவே இருந்த டயரை நெடுநேரம் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் முட்டைகோஸும் மேஜைக்கு வந்தன. இரண்டு கொடிகளும் அவிழ்க்கப்பட்டு அவருடைய கோட்டுப் பையில் இருந்தன.

"ஊரே சிரிக்குதாம்" என்றார் ஃபிடெல்மா.

"யார் சொன்னா?"

"எல்லாரும் போன் பண்ணிட்டாங்க. சாமியாரோட சமையக்காரம்மாகூட." தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "மலாக்கி, ஞாயித்துக்கிழமை நான் லிஷீன் பக்கம் உக்காரப் போறேன்."

கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்த கத்தி நின்றது. "ஃபின்டனும் நம்மாளுங்களும் நாக்ரோ பக்கம் நிக்கிறதா பேச்சு."

"நிக்கட்டும். நீயும் போய் நில்லு. நான் உன்னைக் கூப்பிடலையே."

கூப்பிட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். கூப்பிடாததற்குச் சாக்கு இல்லை. இத்தனை வருஷமாக ஃபிடெல்மா அவர் ஊர்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. இப்போது கேட்காமல் கேட்பது ஒரு மணி நேரம். அதைக் கொடுத்தால், ஃபின்டனுக்குப் பக்கத்தில் நிற்கிற இடம் அப்புறம் இருக்குமா என்று தெரியாது. கொடுக்காவிட்டால் ஃபிடெல்மா ஒன்றும் சொல்லமாட்டார். அது அதைவிட மோசம்.

பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மூன்று வாரமாக ஃபிடெல்மாவிடம் யாரும் கேட்காததைக் கேட்டார்.

"அந்தப் பந்து போச்சே. நீ அந்தக் கோடிக் கம்பத்துக்கு நேர் பின்னாடிதான உக்காந்திருந்தே?"

"ஆமா."

"வெளியதான போச்சு?"

"ஒரு முழம் உள்ள போச்சு."

மலாக்கி உப்புப் போடாமலேயே ஒரு கிழங்கைத் தின்று முடித்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்கு நான் உங்க பக்கம் உக்காந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஃபிடெல்மா டீக்குத் தண்ணீர் வைக்க எழுந்தார்.

மறுநாள் பால் எடுக்கப் போன மலாக்கி எந்த முற்றத்திலும் வாயைத் திறக்கவில்லை. எஞ்சின்தான் பேசிற்று. ஃபின்டன் வீட்டில் டீயோடு கேள்வியும் வந்தது.

"எங்க நிக்கப் போறே?"

"பார்க்கலாம்."

"பார்க்குறதுக்கு என்ன இருக்கு? மாமனார் வீட்டுப் பக்கம் போனியோ, திங்கட்கிழமையிலேருந்து என் பாலை நீ மோந்துகூடப் பார்க்க வேண்டாம்."

ஃபின்டன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மலாக்கி டீயை முழுதாகக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கார் பானட்டின் மேல் வைத்து சாண்ட்விச் தின்றுவிட்டு மலாக்கியும் ஃபிடெல்மாவும் மைதானத்துக்குள் நுழைந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஃபிடெல்மாவின் கழுத்தில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. லிஷீன்காரர்கள் உட்காரும் பலகைகள் எதிர்ப்பக்கம். அங்கே போக வேண்டுமானால் நாக்ரோ பக்கத்துக் கம்பத்தைச் சுற்றி, வேலியோரமாக, குளூன்பெக் ஆண்கள் எல்லாரும் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"மலாக்கி, இங்க எடம் இருக்கு" என்றார் ஃபின்டன். உண்மையிலேயே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு விட்டுவைத்திருந்தார்.

ஃபிடெல்மா திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தார். மலாக்கி நின்றார். அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அந்த முகங்களைப் பார்த்தார். எல்லாம் மூன்று வாரமாக அவரிடம் கதை கேட்டவர்கள்.

"ஃபின்டன், அந்தப் பந்து உள்ளதான் போச்சு."

"எந்தப் பந்து?"

"டெக்லன் அடிச்சது. ஒரு முழம் உள்ள."

 வேலியோரம் தேங்கிய தண்ணீரில் பூட்ஸ் பதிய அவர் நடந்து போனபோதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு தட்டு முட்டைகோஸுக்கு வித்துட்டான்யா நம்மள." சிரிப்பும் வந்தது. அதில் ஃபின்டனின் சிரிப்பும் இருந்ததா என்று அவர் காதைத் தீட்டிப் பார்த்தார். இருந்தது போலத்தான் பட்டது.

லிஷீன் பலகைகளில் ஜனம் நெருக்கியடித்து இருந்தது. ஃபிடெல்மா கொஞ்சம் நகர்ந்துகொண்டார். முதல் பாதி முழுக்க மலாக்கி கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தார். ஒரு பையில் சிவப்புக் கொடி, இன்னொன்றில் பச்சை மஞ்சள். லிஷீன் அடித்த புள்ளிகளுக்குக் கை தட்டவில்லை. நாக்ரோ அடித்தபோதும் தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்கு ஆட்டம் புரியவில்லையோ என்றுகூட நினைத்திருப்பார்கள்.

நேரம் முடியப்போகும்போது டெக்லன் ஒரு தனி உதையைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினான். லிஷீன் ஒரு புள்ளி முன்னால் போனது. உடனே நாக்ரோக்காரர்கள் பதினைந்து பேரும் பந்தைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பலகையில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஃபிடெல்மா குள்ளம். முன்வரிசையில் தந்திக்கம்பம் போல ஒரு ஆள், மேலே தொப்பி வேறு. அந்த அம்மா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், கடைசியில் குதிகாலைத் தூக்கி நின்று அந்த ஆளின் முதுகைப் பார்த்தார்.

மலாக்கி பையிலிருந்து கையை எடுத்தார். முன்னால் நின்றவரின் கோட்டு நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து உட்காரவைத்தார்.

"உக்காருய்யா. என் பொண்டாட்டிக்கு நம்ம கம்பம் தெரியல."

அந்த ஆள் திரும்பி, "யாருய்யா நீ, எந்த ஊரு?" என்றார்.  மலாக்கி ஃபிடெல்மாவின் கண் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்ரோவின் கடைசி உதையை லிஷீன் காவலன் நெஞ்சில் வாங்கிக் கீழே விழுந்தான். விசில் ஒலித்தது. லிஷீன் பக்கம் மொத்தமாகக் குதித்தது. அந்த நெட்டை மனுஷரும் குதிக்கத்தான் பார்த்தார். பாதி எழுந்ததுமே கோட்டு பின்னால் இழுத்தது. நுனி இன்னும் மலாக்கியின் கையில்தான் இருந்தது.