உதயரூபன் சீன எழுத்தைத் திருத்திய விதம்

வாழைச்சேனையில் உதயரூபனைக் கொம்பியூட்டர் மாஸ்டர் என்பார்கள். கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் தட்டித் தட்டியே அந்தப் பட்டத்தைச் சம்பாதித்திருந்தான். அவனுடைய கல்வி பாமினி என்ற எழுத்துருவோடு முடிந்துவிட்டது. ஆங்கில எழுத்துகளைத் தட்டிவிட்டுப் பாமினியைத் தெரிவு செய்தால் தமிழ் வந்து நிற்கும். ஆகவே எல்லா மொழியும் உள்ளே ஆங்கிலம்தான், மேலே போடுகிற சட்டைதான் வேறு என்று நம்பினான். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் சிரமத்தை ஒருநாளும் எடுத்ததில்லை. திரையில் எச்சரிக்கை வந்தால் வாசிக்காமல் 'ஓகே'யை அழுத்துவான். வாசிப்பது புதிதாகப் பழகுகிறவர்களின் வேலை என்பது அவன் எண்ணம்.

உயிர் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனியில் பழைய கணினியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தவனும் அவனே. மறுநாள் காலை அங்கே பொறுப்பாயிருந்த ஏறாவூர் நிஸ்மியா பெட்டிகளுக்கு லேபல் அச்சிட்டாள். நண்டு போய்ச் சேரவேண்டிய கடைகளின் சீனப் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள். சீன எழுத்தில் லேபல் ஒட்டாத பெட்டியைச் சீனாவில் வாங்குபவர் ஏற்கமாட்டார். வாவி நண்டுகளோ கால் கட்டப்பட்டுப் பெட்டிகளில் கிடந்தன. பின்னேரம் லொறி விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். பிந்தினால் நண்டு சாகும்.

உதயரூபன் வந்து திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"இதுக்கா புள்ள இவ்வளவு பதறினீங்க? எழுத்துக் கெட்டுப்போச்சு. வெளிய எடுத்துச் சுத்தமாக்கிப் போட்டாச் சரி."

"மாஸ்டர், பேரெல்லாம் உள்ளுக்குச் சரியாத்தான் இரிக்கும் போல. இந்தக் கொம்பியூட்டர்ல சீன எழுத்துரு இல்ல எண்டு நினைக்கன்."

"நீங்க நண்டப் பாருங்க. இத நான் பாக்கன்."

பெயர்ப் பட்டியலை வெளியே எடுத்துச் சாதாரணக் கோப்பாகச் சேமித்தான். சில எழுத்துகள் அழிந்துபோகும் என்று திரை எச்சரித்தது. ஓகே. அதையே திரும்ப உள்ளே ஏற்றினான். கட்டங்கள் போய், வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நின்றன.

"பாத்தீங்களா, மாறுது!" என்றான்.

பிறகு இணையத்திலிருந்து ஒரு சீன எழுத்துருவை இறக்கினான். கேள்விக்குறிகள் சற்றுத் தடித்தன, அவ்வளவுதான்.

நிஸ்மியாவுக்கு விளங்கிவிட்டது.

"கட்டமா இரிக்கக்குள்ள பேர் உள்ளுக்கு இரிந்திச்சு. இப்ப பேரே இல்ல. பழைய கொம்பியூட்டர் எங்க?"

"அத நேத்தே துடைச்சுப் போட்டன். வேலையெண்டா முழுசாச் செய்யணும்."

"ஓம், முழுசாத்தான் செஞ்சிரிக்கீங்க."

வாங்குபவரிடம் பட்டியலைத் திரும்பவும் கேட்டாள். அது கைபேசிக்கு வந்து சேர மத்தியானம் கழிந்தது. ஒவ்வொரு பெயராக உள்ளே போட்டாள். எழுத்துரு இப்போது கணினியில் இருந்ததால் பெயர்கள் சரியாகத் தெரிந்தன. காலையில் அதை மட்டும் போட்டிருந்தால் அவனுக்குக் கொடுத்த தேநீர் ஆறுமுன் வேலை முடிந்திருக்கும்.

"சொன்னன்தானே? சீனமெண்டாலும் எழுத்துருதான்," என்று கதிரையில் சாய்ந்தான் உதயரூபன்.

லொறி பொழுது பட்டபின் போயிற்று. வெக்கையில் ஒரு பெட்டி நண்டு செத்துவிட்டது. நிஸ்மியா அவற்றைப் பையில் அள்ளி அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க மாஸ்டர், இது உங்கட நண்டு."

பையை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு சந்தியில் நிறுத்தி, கொம்பனி செய்த மரியாதை என்று எல்லோருக்கும் காட்டினான்.